கியர் பெட்டியை இறக்குவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான பராமரிப்புக் குறிப்புகளில், தானியங்கி கியர் பெட்டியைப் பற்றிய இரண்டு வரிகள் என்னை இக்கடிதம் எழுத வைத்தன. பழைய பிக்-அப் வண்டியில் கியர் வழுக்கத் தொடங்கிவிட்டால் பெட்டியின் ஆயுள் முடிந்தது என்று கொண்டு வேறு பெட்டி மாற்றிவிட வேண்டும், அதை ஆராய்ந்துகொண்டிருப்பது வீண் வேலை என்பது முதல் வரி. கியர் பெட்டியின் எண்ணெய் அளவைக் காலையில் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்பது இரண்டாவது வரி. முதல் வரியை நம்புகிறவர் வீண் செலவு செய்வார். இரண்டாவது வரியை நம்புகிறவர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியையே தம் கையால் கெடுத்துக்கொள்வார்.

நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன். ஒரே பிக்-அப் வண்டியை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓட்டியும் பழுது பார்த்தும் வருகிறவன். 'பெட்டி போய்விட்டது' என்ற தீர்ப்பை இதுவரை இரண்டு முறை நேரில் கேட்டிருக்கிறேன். ஒரு முறை அது பொய்யாயிற்று, மறுமுறை மெய்யாயிற்று. இரண்டு முறையும் கற்றதை வைத்தே இதை எழுதுகிறேன்.

பொய்யான தீர்ப்பை முதலில் சொல்கிறேன். என் வண்டியின் பெட்டி மூன்று முன் கியர்களை உடையது. கணினி, சென்சார் எதுவும் இல்லாத காலத்துப் பொருள். ஒரு கட்டத்தில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறுவது நாளுக்கு நாள் தாமதமாகி, மாறும்போது இருக்கையின் பின்னாலிருந்து யாரோ உதைத்தது போன்ற ஒரு குலுக்கல் வரத் தொடங்கியது. சில வாரங்களில் எண்ணெயும் குறையலாயிற்று; ஆனால் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை. புகைபோக்கியில் மட்டும் அவ்வப்போது வெண்புகை வந்தது. நான் கொண்டுபோன பட்டறையில் எண்ணெய் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைக்கூட உருவிப் பார்க்காமல், உள்ளே கிளட்சுகள் தேய்ந்துவிட்டன, பெட்டியை இறக்கியாக வேண்டும் என்றார்கள். மனம் ஒப்பாமல் வண்டியைத் திருப்பி எடுத்துவந்தேன். பிறகு அதைப் பார்த்த முதிய மெக்கானிக் ஒருவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எண்ணெய் தரையில் விழவில்லை என்றால் அது எங்கேதான் போகிறது?"

அந்தக் கேள்விக்கான விடை, எஞ்சினின் உறிஞ்சு குழாயிலிருந்து கியர் பெட்டியின் பக்கவாட்டுக்குச் செல்லும், விரல் பருமன்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாயில் இருந்தது. பழைய பெட்டிகள் பலவற்றில் எஞ்சின் எவ்வளவு சுமையை இழுக்கிறது என்பதைப் பெட்டிக்குத் தெரிவிப்பது வேக்குவம் மாடுலேட்டர் என்னும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகரக் குடுவை. ஆக்சிலரேட்டரை மெல்ல மிதிக்கும்போது எஞ்சினின் உறிஞ்சு விசை அதிகமாக இருக்கும். அது குடுவைக்குள் இருக்கும் ரப்பர் சவ்வை இழுத்துப் பிடிப்பதால் பெட்டியின் எண்ணெய் அழுத்தம் குறைந்து, கியர் சீக்கிரமாகவும் மென்மையாகவும் மாறும். ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் உறிஞ்சு விசை விழுந்து, அழுத்தம் கூடி, கியர் தாமதமாகவும் உறுதியாகவும் மாறும். ஆகவே அந்தக் குழாயில் ஒரு வெடிப்பு விழுந்தாலே போதும்: வண்டி சமவெளியில் காலியாகப் போய்க்கொண்டிருந்தாலும், முழுச் சுமையோடு மேட்டில் ஏறுவதாக எண்ணிக்கொண்டு பெட்டி தாமதமாக, முரட்டுத்தனமாக மாறும். குழாய் நன்றாக இருந்து சவ்வு கிழிந்திருந்தால், எஞ்சின் அந்தக் கிழிசல் வழியே கியர் எண்ணெயை உறிஞ்சி எரித்துவிடும். தரையில் சொட்டு விழாமல் எண்ணெய் குறைந்ததற்கும் வெண்புகைக்கும் அதுவே காரணம். முதியவர் அந்தக் குழாயைக் கழற்றிக் கவிழ்த்தார். உட்புறம் சிவப்பு எண்ணெயால் நனைந்திருந்தது. சோதனை அவ்வளவுதான். குழாயை எஞ்சினோடு இணைத்து, மறுமுனையில் ஒரு வேக்குவம் கேஜை மாட்டி, ஐட்லிங்கில் 15 முதல் 20 அங்குலப் பாதரச அளவு காட்டுகிறதா என்றும் அவர் பார்த்துக்கொண்டார். புதுக் குடுவையை மாட்ட வேண்டியதற்கு மேல் வேலை எதுவும் இருக்கவில்லை. அந்தப் பெட்டி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தங்கள் கட்டுரையாளர் சொல்வதுபோல் ஆராயாமல் வேறு பெட்டி மாற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மாடுலேட்டர் பெட்டியோடு சேர்ந்து மாறியிருக்கும். எனவே குறை தீர்ந்ததுபோல் தோன்றும். பழைய பெட்டி தேய்ந்துபோயிருந்தது என்ற பொய்யும் உறுதிப்பட்டிருக்கும். குறை சவ்வில் இல்லாமல் ரப்பர் குழாயில் இருந்திருந்தாலோ, புதுப் பெட்டியும் முதல் நாளே உதைத்துக்கொண்டு ஓடியிருக்கும்.

இனி எண்ணெய் அளவுக்கு வருகிறேன். எஞ்சின் எண்ணெயை நிறுத்திய எஞ்சினில் பார்க்கிறோம். அந்தப் பழக்கத்தையே கியர் பெட்டிக்கும் கொண்டுவந்துவிட்டார் கட்டுரையாளர் என்று நினைக்கிறேன். தானியங்கிப் பெட்டியில் நிலைமை வேறு. வண்டி நீண்ட நேரம் நிற்கும்போது, எஞ்சினின் விசையை எண்ணெய் வழியே பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலிருக்கும் எண்ணெயில் ஒரு பகுதி மெல்ல வடிந்து அடித்தட்டில் சேர்ந்துவிடும். ஆகவே காலையில் பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரியும். அதைக் கண்டு ஒருவர் எண்ணெயை வெளியேற்றினால், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பம்ப் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சும். எண்ணெய் சூட்டில் விரிவடைவது வேறு. குளிர்ந்த எண்ணெயை 'ஹாட்' குறிவரை நிரப்பிவிட்டால், சூடானபின் அது மிகையாகிவிடும். சுழலும் பாகங்கள் மிகை எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும், நுரை அழுத்தம் தாங்காது, கிளட்சுகள் வழுக்கும். ஆக, எண்ணெய் குறைந்தாலும் வழுக்கல், மிஞ்சினாலும் வழுக்கல்.

பெரும்பாலான பெட்டிகளுக்குச் சரியான முறை இது: இருபது நிமிடமாவது ஓட்டிப் பெட்டியை நன்றாகச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடிகள் வைத்து எடுத்து, இறுதியில் 'பார்க்' நிலைக்குக் கொண்டுவந்து, எஞ்சின் ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மீண்டும் செருகிப் பார்க்க வேண்டும். கிரைஸ்லரின் பழைய பெட்டிகள் பல இதற்கு விலக்கு. அவற்றில் 'நியூட்ரல்' நிலையில்தான் பார்க்க வேண்டும், ஏனெனில் 'பார்க்' நிலையில் கன்வெர்ட்டருக்கு எண்ணெய் செல்வது தடைபடும். பல பெட்டிகளில் டிப்ஸ்டிக்கின் இரண்டு குறிகளுக்கிடையே உள்ள வேறுபாடு அரை லிட்டரளவே என்பதால், ஊற்றும்போதும் சிறிது சிறிதாகவே ஊற்ற வேண்டும்.

அளவை மட்டும் பார்த்துவிட்டு டிப்ஸ்டிக்கைத் திரும்பச் செருகிவிடுகிறவர் பாதிச் செய்தியைத் தவறவிடுகிறார். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பார்க்க வேண்டும். தெளிந்த சிவப்பு நல்லது. பழுப்பு, வயதையும் சூட்டையும் காட்டும். கருமையும் கருகிய வாடையும் சேர்ந்திருந்தால் கிளட்ச் உராய்வுப் பூச்சு எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். நான் எல்லாவற்றிலும் அதிகம் அஞ்சுவது பாலில் சிவப்புச் சாயம் கலந்ததுபோன்ற இளஞ்சிவப்பு நிறத்தைத்தான். கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருள் பல வண்டிகளில் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது; பழைய ரேடியேட்டரில் அது அரித்துவிட்டால் குளிர்நீரும் எண்ணெயும் கலந்துவிடும். குளிர்நீரில் உள்ள கிளைக்கால் என்னும் வேதிப்பொருள், கிளட்ச் தட்டுகளில் உராய்வுத் தாளை ஒட்டியிருக்கும் பசையை இளக்கிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் ரேடியேட்டரை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றினால் புதுப் பெட்டியும் அதே நீரைக் குடிக்கும்.

எண்ணெயின் வகையும் சாதாரண விஷயமன்று. ஃபோர்டின் பழைய டைப் எஃப் எண்ணெய் கிளட்சைச் சட்டென்று பிடிக்கவைக்கும் தன்மையுடையது, டெக்ஸ்ரான் வகைகள் மென்மையாகப் பிடிக்கும்படி உராய்வு மாற்றப்பட்டவை, கிரைஸ்லரின் ஏ.டி.எஃப். பிளஸ் ஃபோர் தனி வழியில் செல்வது. மூன்றும் சிவப்பாகத்தான் இருக்கும். மாற்றி ஊற்றினால் பெட்டி உடனே நிற்காது. அதிர்வோ உதைப்போ வழுக்கலோ வந்து, குறையை எங்கெங்கோ தேட வைக்கும். (1970-களின் தொடக்கம் வரை இந்த மென்மைக்காகத் திமிங்கில எண்ணெயைக் கலந்துவந்தார்கள் என்பதை முதன்முதலாக அறிந்தபோது நான் நம்பவில்லை.) வண்டியைப் பழையதாக வாங்கியவர், முந்தைய உரிமையாளர் எதை ஊற்றினார் என்று கேட்டறிந்துகொள்வது எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய நல்ல சோதனை.

வேக்குவம் குழாய்க்குப் பதிலாகக் கேபிளால் எஞ்சினோடு பேசும் பெட்டிகளும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் கொண்டுவந்த 700ஆர்4 அவற்றுள் பரவலானது. கார்புரேட்டரிலிருந்து இறங்கும் அந்தக் கேபிளைப் பார்க்கிறவர்கள் அதைக் கீழ் கியருக்கு மாற்றுவதற்கு மட்டுமானது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் பெட்டியின் எண்ணெய் அழுத்தமே அதன் இழுவையைப் பொறுத்துதான் கூடுகிறது, குறைகிறது. கேபிள் தளர்ந்தோ கழன்றோ இருந்தால், எஞ்சின் முழு விசையோடு தள்ளும்போதும் கிளட்சுகளுக்குக் குறைந்த அழுத்தமே கிடைக்கும். கியர்கள் சீக்கிரமாகவும் வெகு மென்மையாகவும் மாறும், ஓட்டுநர் மகிழ்ச்சியடைவார், உள்ளே தட்டுகள் எரிந்துகொண்டிருக்கும். இத்தகைய வண்டியில் கார்புரேட்டரை மாற்றியவர் கேபிளைச் சரியான அளவில் அமைத்தாரா என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும்.

கணினி ஆளும் பெட்டிகளில் குழாயும் கேபிளும் போய் மின்கம்பிகள் வந்தன. தவறான தீர்ப்பு மட்டும் போகவில்லை. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு மாடலிலிருந்து கார்களிலும் இலகு ரக டிரக்குகளிலும், வண்டியின் கணினி குறைகளைத் தானே பதிவுசெய்யும் ஓ.பி.டி. டூ முறை கட்டாயமாக்கப்பட்டதால், அக்காலத்திற்குப் பிந்தைய பிக்-அப்களில் சாதாரணக் கோடு ரீடர் ஒன்றாலேயே அந்தக் குறைகளுக்கான எண் குறிகளைப் படிக்கலாம். ஆனால் குறி என்பது சாட்சி சொல்வது, தீர்ப்பு வழங்குவதன்று. பி0700 என்று காட்டினால் கியர் பெட்டியின் கணினியில் ஏதோ ஒரு குறை பதிவாகியிருக்கிறது, அதைத் தனியே கேட்டுப் பார் என்பதற்கு மேல் அதில் பொருளே இல்லை. அந்த ஒரு குறியைக் காட்டிப் பெட்டியை இறக்கச் சொல்வது, கதவைத் தட்டும் ஓசை கேட்டதும் வீட்டைக் காலி செய்வதற்குச் சமம். பி0740, கன்வெர்ட்டருக்குள் எஞ்சினையும் பெட்டியையும் நேராகப் பிணைக்கும் லாக்-அப் கிளட்சின் மின்சுற்றைக் குறிக்கும். பி0741 மின்சுற்று சரியாக இருந்தும் அந்தக் கிளட்ச் பிடிக்கவில்லை என்று சொல்லும். முன்னதற்கு மல்டிமீட்டர் வேண்டும், பின்னதற்கு, எண்ணெயை வழிமாற்றிவிடும் வால்வு பாடியையும் கன்வெர்ட்டரையும் சந்தேகிக்க வேண்டும். ஓர் எண் மாறினால் வேலையே மாறிவிடுகிறது.

பழைய வண்டியின் மின்சாரத்தில் நான் முதலில் ஐயப்படுவது எர்த் கம்பியைத்தான். பாட்டரியின் எதிர்மின் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே, எஞ்சினை ஓடவிட்டு விளக்குகளையும் எரியவிட்டு அளந்தால், மின்னழுத்தம் 0.2 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. போனால், துருவேறிய அந்த இணைப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்வதற்கு முன் வேறெதையும் தொடுவதில் பயனில்லை. எண்ணெய் வழியை மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டுக்கு மின்சாரமே சரியாகப் போய்ச் சேராதபோது பல பெட்டிகள் தம்மைக் காத்துக்கொள்ள அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றி, ஏதேனும் ஒரு கியரிலேயே நின்றுவிடும். உதைத்துக்கொண்டு இரண்டாவதிலோ மூன்றாவதிலோ மட்டும் ஓடும் வண்டியைக் கண்டதும் உள்ளே எல்லாம் நொறுங்கிவிட்டதாக எண்ணுவது இயல்பு. ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டது என்று கணினிக்குச் சொல்லும் திராட்டில் பொசிஷன் சென்சாரின் தடம் ஓரிடத்தில் தேய்ந்திருந்தால், குறிப்பிட்ட ஒரு மிதியில் மட்டும் கியர் மேலும் கீழும் அலையும். வேக சென்சார் கெட்டால் வேகமானியின் முள்ளும் கூடவே ஆடும். எஞ்சினின் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று கணினி எண்ணி, லாக்-அப் கிளட்சையும் பல வண்டிகளில் ஓவர்டிரைவையும் அனுமதிக்காது. பிரேக் பெடலின் ஸ்விட்ச் சரியாக அமையாமல் எப்போதும் மிதித்திருப்பதாகச் சொன்னாலும் லாக்-அப் வராது. இவற்றில் எதற்கும் பெட்டிக்குள் ஒரு ஸ்பேனர்கூடப் போக வேண்டியதில்லை.

மணிக்கு 60 முதல் 80 கி.மீ. வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது, வரிவரியாகக் கோடு போட்ட சாலையில் ஓடுவதுபோன்ற ஒரு நடுக்கம் பழைய பிக்-அப்களில் வரும். லாக்-அப் கிளட்ச் நடுங்குகிறது என்பார்கள். நடுக்கம் வரும்போது இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டால் லாக்-அப் விடுபட்டு, எஞ்சின் சுற்று இருநூறு முந்நூறு கூடும். நடுக்கம் அப்போது நின்றால் குற்றவாளி அந்தக் கிளட்ச்தான் என்று பல வழிகாட்டிகள் முடித்துவிடுகின்றன. இது முழு உண்மையன்று. லாக்-அப் பிடித்திருக்கும்போது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே எண்ணெயின் மெத்தை இல்லை. ஒரு ஸ்பார்க் பிளக் அவ்வப்போது தவறினாலும் அந்தத் தவறு நேராக இருக்கைக்கு வந்துசேரும். லாக்-அப் விடுபட்டதும் எண்ணெய் அதை விழுங்கிவிடும். ஆக, எஞ்சின் தவறினாலும் இந்தச் சோதனை கிளட்சையே காட்டிக்கொடுக்கும். லாக்-அப் இல்லாத கீழ் கியரில், மேட்டில், சுமையோடு இழுத்துப் பார்த்து, அங்கும் எஞ்சின் திணறுகிறதா என்று கவனித்து, பிளக்குகளையும் அவற்றின் கம்பிகளையும் பார்த்த பிறகே கன்வெர்ட்டரைப் பற்றிப் பேச வேண்டும்.

வண்டி அசையவே இல்லை என்பதும் பெட்டியின் சாவுக்குச் சான்றன்று. நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்-அப்பில், விசையை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் சிறு லீவர் நியூட்ரலில் தட்டுப்பட்டு நின்றிருந்தால், எந்தக் கியரில் போட்டாலும் வண்டி நகராது. ஷிப்ட் லீவருக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள கம்பியின் பிளாஸ்டிக் புஷ் உதிர்ந்துபோனால், லீவர் 'டிரைவ்' காட்டும், பெட்டி நியூட்ரலில் இருக்கும். 'டிரைவ்' போட்டதும் புரொப்பெல்லர் தண்டு சுழன்றும் சக்கரம் சுழலவில்லையென்றால் குறை பின் அச்சில் இருக்கிறது. இதைப் பார்க்கப் பக்கவாட்டில் எட்ட நின்று ஒருவர் கவனித்தால் போதும். எஞ்சின் ஓடும் வண்டிக்கு அடியில் எவரும் படுக்கக்கூடாது. கியர் போடும்போது வரும் 'டக்' ஓசைக்கும் தேய்ந்த யூனிவர்சல் ஜாயின்டோ கிழிந்த எஞ்சின் மவுன்டோ காரணமாக இருப்பதுண்டு.

இனி, தீர்ப்பு மெய்யான கதை. என் மைத்துனரின் பிக்-அப் கணினி ஆளும் நான்கு வேகப் பெட்டி கொண்டது. முதல் கியரும் இரண்டாவதும் ரிவர்ஸும் குறையின்றிப் பிடித்தன. சூடேறிய பிறகு மூன்றாவதிலும் நான்காவதிலும் மட்டும் எஞ்சின் சுற்று ஏறியது, வேகம் ஏறவில்லை. தானியங்கிப் பெட்டியில் கியருக்கு ஒரு கிளட்ச் என்றில்லை. ஒரே கிளட்ச் சில கியர்களில் பிடித்து, சிலவற்றில் விடுபடும். எந்தக் கியரில் எது பிடிக்கிறது என்ற அட்டவணை ஒவ்வொரு பெட்டியின் பழுதுநீக்கக் கையேட்டிலும் இருக்கிறது. என்னைக் கேட்டால், அந்த அட்டவணையைப் பார்க்காமல் பெட்டியைப் பற்றிக் கருத்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவருடைய பெட்டியில் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் மட்டும் பொதுவான கிளட்ச் ஒன்றே ஒன்றுதான். குறை இரண்டாவதிலும் நான்காவதிலும் இருந்திருந்தால் அவ்விரண்டிலும் இறுகும் பேண்டை, அதாவது உருளையைச் சுற்றிப் பிடிக்கும் பட்டையை, தேடியிருப்போம். எல்லாக் கியர்களிலும் வழுக்கியிருந்தால் தனியொரு கிளட்சை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் எண்ணெய் தள்ளும் பம்பையும் ஃபில்டரையும் பார்த்திருப்போம்.

அதோடு நிற்காமல் அழுத்தமானி மாட்டினோம். ரிவர்ஸில் பல பெட்டிகளின் அழுத்தம் மற்ற நிலைகளைவிட மிக உயரும் என்பதால் 300 பி.எஸ்.ஐ. வரை காட்டும் மானி வேண்டும். எல்லா நிலைகளிலும் கையேட்டில் சொன்ன அழுத்தம் இருந்தது. அழுத்தம் சரி, ஆனால் கிளட்ச் வழுக்குகிறது என்றால் குறை தட்டுகளிலோ அந்தக் கிளட்சின் உள் சீல்களிலோதான் என்று வழி குறுகிவிட்டது. அடித்தட்டைக் கழற்றினோம். அதன் காந்தத்தில் மெல்லிய சாம்பல்நிறப் பசை படிந்திருப்பது எந்தப் பழைய பெட்டியிலும் இயல்பு, அதைக் காட்டி அச்சுறுத்துகிறவரை நம்ப வேண்டாம். இங்கே பசைக்கு மேல் கருமையான உராய்வுத் துகள் தட்டு முழுவதும் படிந்திருந்தது. உலோகச் சீவலோ வெண்கலப் பொடியோ இருந்திருந்தால் கிரகக் கியர்களும் புஷ்களும் போயிருக்கும், அவை இல்லை. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிரேக்கில் நிறுத்திப் பார்க்கும் ஸ்டால் சோதனையை நாங்கள் செய்யவில்லை. ஐந்து விநாடிக்கு மேல் போனால் கன்வெர்ட்டரிலுள்ள எண்ணெய் கொதித்துவிடும், பிரேக் விட்டுக்கொடுத்தால் எதிரே நிற்பவர் கதி அதோகதி. தேர்ந்த மெக்கானிக்கின் கையில் அது நல்ல சோதனை, உரிமையாளர் வாசலில் செய்து பார்க்கத் தக்கதன்று.

பெட்டி இறங்கியது. தட்டுகள் கருகியிருந்தன. ஆனால் அவை ஏன் கருகின என்ற கேள்வியை மெக்கானிக் விடவில்லை. எண்ணெய் ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் இருக்கும்வரை நெடுநாள் உழைக்கும், அதற்கு மேல் ஒவ்வொரு 11 பாகை ஏறும்போதும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைகளில் சொல்லப்படும் கணக்கு. அவர் பெட்டியை இறக்குவதற்கு முன்பே, ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் எண்ணெய்க் குழாயைக் கழற்றி ஒரு வாளிக்குள் விட்டு, எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டிருந்தார். அரை நிமிடத்துக்குள் ஒரு லிட்டராவது வந்திருக்க வேண்டிய இடத்தில் நூல் போல் ஒழுகியது. குளிர்விக்கும் சுருள் உள்ளே அடைபட்டிருந்தது. அதை அப்படியே விட்டு வேறு பெட்டியை மாட்டியிருந்தால், புதிய தட்டுகளும் அதே சூட்டில் வெந்திருக்கும். பழைய தட்டுகளின் துகளும் சுருளிலிருந்து புதுப் பெட்டிக்குள் வந்து வால்வுகளை அடைத்திருக்கும். 'ஆராய்வது வீண், மாற்றிவிடு' என்ற அறிவுரைக்கு இதைவிட நேரான மறுப்பு எனக்குத் தெரியவில்லை: பெட்டி உண்மையிலேயே கெட்டிருந்த இடத்தில்கூட, ஆராயாமல் மாற்றியிருந்தால் இரண்டாவது பெட்டியும் கெட்டிருக்கும்.

நெடுநாள் மாற்றாத எண்ணெயை மாற்றினால் பெட்டி நின்றுவிடும் என்று கட்டுரையாளர் போகிறபோக்கில் சொல்லியிருப்பதையும் விட்டுவிட மனமில்லை. எண்ணெய் மாற்றியபின் நின்றுபோன பெட்டிகளை நானும் அறிவேன். அவற்றில் பல, வழுக்கத் தொடங்கிய பிறகு, கடைசி முயற்சியாக எண்ணெய் மாற்றப்பட்டவை. சாகும் நிலையில் கொண்டுவரப்பட்ட நோயாளி இறந்தால் மருத்துவமனைப் படுக்கையைக் குற்றம் சொல்ல முடியாது. ஆயினும் ஓர் எச்சரிக்கை: இயந்திரத்தால் அழுத்தம் கொடுத்து மொத்த எண்ணெயையும் தள்ளி வெளியேற்றும் முறையைப் பழைய பெட்டியில் நான் விரும்புவதில்லை. அடித்தட்டைக் கழற்றி, வடிந்ததை வடியவிட்டு, ஃபில்டரை மாற்றி, காந்தத்தைத் துடைத்து, வடிந்த அளவுக்கே ஊற்றுவது நிதானமான வழி. தட்டைக் கழற்றும்போது கிடைக்கும் செய்தி இயந்திர முறையில் கிடைப்பதும் இல்லை.

பட்டறைக்குச் செல்லும் வாசகர்கள் குறையைத் தாமே பெயரிட்டுச் சொல்லாமல், கண்டதை மட்டும் எழுதிக்கொண்டு போவது நல்லது: குளிரிலா சூட்டிலா, எந்தக் கியரிலிருந்து எதற்கு மாறும்போது, எந்த வேகத்தில், காலியாகவா சுமையோடா, ரிவர்ஸ் எப்படி. 'டிரைவ்' போட்டதும் பிடிக்க மூன்று விநாடி ஆகிறது, காலையில் முதல் முறை மட்டும் என்று ஒருவர் சொன்னால், நல்ல மெக்கானிக்குக்கு இறுகிப்போன சீலும் குறைந்த எண்ணெயும் அடைபட்ட ஃபில்டரும் உடனே நினைவுக்கு வரும். 'பெட்டி போச்சு' என்று சொல்லிக்கொண்டு போனால், அதைத்தான் திருப்பிச் சொல்வார்கள்.

முதல் வரியைக் கருத்து வேறுபாடு என்று விட்டுவிடலாம். இரண்டாவது வரி அப்படியன்று. எண்ணெய் அளவைக் குளிர்ந்த, நிறுத்திய எஞ்சினில் பார்க்கச் சொன்னதை நம்பிப் பல வாசகர்கள் இந்த வாரம் எண்ணெயை ஊற்றவோ வடிக்கவோ கூடும். ஆகவே எஞ்சின் ஓடும்போது, சூடான நிலையில், வண்டியின் கையேடு சொல்லும் 'பார்க்' அல்லது 'நியூட்ரல்' நிலையில் பார்க்க வேண்டும் என்ற திருத்தத்தை அடுத்த வாரப் பக்கத்தில், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு வேண்டுகிறேன். டிப்ஸ்டிக்கே இல்லாத சில பிற்காலப் பெட்டிகளில் எண்ணெயின் வெப்பநிலையை அளந்து, பக்கவாட்டுத் திருகைக் கழற்றித்தான் அளவு பார்க்க முடியும் என்பதையும் அத்திருத்தத்தில் சேர்த்தால் நன்று.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர், பழைய பிக்-அப் ஒன்றின் உரிமையாளர்